சோர்வு சோம்பல் அல்ல

கரோனா தொற்று ஏற்பட்ட 3 மாதங்களுக்குள் தோன்றி, குறைந்தது 2 மாதங்கள் நீடிக்கும் சோர்வு, முகரும் திறன் குறைபாடு, மனப்பதற்றம் போன்றவை சிறாரிடம் நீண்டகாலக் கரோனா பாதிப்பாகலாம் என 2023 பிப்ரவரியில் உலக சுகாதார அமைப்பு வரையறுத்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளோ மருத்துவர்களுக்கானவை.

ஆந்திரத்தில், தமிழும் தெலுங்கும் ஒருசேர வழங்கும் பிச்சாட்டூர் போன்ற எல்லையோர ஊர்களில், வகுப்பில் களைத்துச் சாயும் மாணவன் சோம்பேறி எனப் பெயரெடுப்பதை ஆங்கில நெறிமுறைகள் தடுத்துவிடாது.

தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் (2014) இளைஞர்களையே சக வழிகாட்டிகளாக்க வகை செய்கிறது. அதன் வழியே, பாதிக்கப்பட்ட இளைஞர்களைக் கொண்டே இரு மொழிகளிலும் எளிய கையேடுகளையும் ஒலிப்பதிவுகளையும் உருவாக்க மத்திய, மாநில அரசுகள் முன்வர வேண்டும். எப்போது ஓய்வெடுப்பது, எப்போது மருத்துவரை நாடுவது என்பதைப் பட்டறிந்தவர்கள் சொன்னால் பெற்றோரும் ஆசிரியரும் நம்புவர்.