கரவன் வேடம்

அமெரிக்காவிலே 1974ஆம் ஆண்டு கைகாக்ஸ், ஆர்ன்சன் என்னும் இருவர் ஆக்கியளித்த 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது, மேசையைச் சூழ்ந்திருந்து வாய்மொழியாலும் பகடையாலும் நடத்தும் ஒருவகை நாடகமேயாம். 1975இல் அதனுட் கள்வன் புகுந்தான். 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலே அவன் பெயர் மாறிற்று; கரவிலே தொழில் புரிபவனாதலின் அவனை யாம் கரவன் என்போம். (எத்தன் என்பாருமுளர், அச்சொல் அவன் கைத்திறனைக் காட்டாது.)

பெயர் மாறியும் ஆடுவோர் பலர் மனம் மாறவில்லை. உடன்வந்தார் பையிலே கைவைத்துவிட்டு, 'என் பாத்திரத்தின் இயல்பு அது' என வாதிடுகின்றனர். ஆட்டவிதியோ வேறு கூறுகின்றது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, பகைவனுக்கு 5 அடிக்குள்ளே தோழனொருவன் எதிர்த்து நின்றால், கரவன் மறைந்திராதபோதும் அவனது கரவுத் தாக்கு வலிபெறும். தோழனை வெறுப்பித்தவன் தன் படைக்கலத்தையன்றோ மழுங்கச் செய்கின்றான்!

பொறியறிதலும் பூட்டுத் திறத்தலும் பகடை தரும் பேறு. முன்சென்று வேவு பார்த்தவன் மீண்டுவந்து கண்டதை உள்ளவாறு கூறல் வேண்டும். கண்ட பொன்னை மட்டும் மறைப்பவனை மறுமுறை யார் முன்னனுப்புவர்?