வெள்ளைக் கோடு 21

துணிக்கடையில் நீலமும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடு போட்ட டி-ஷர்ட்டை எடுத்து, கண்ணாடி முன்னால் வைத்துப் பார்க்கிறீர்களா? பாருங்கள். நன்றாகத்தான் இருக்கும். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது யார் வீட்டுச் சட்டை தெரியுமா?

1858 மார்ச் 27-ல் பிரெஞ்சுக் கடற்படை ஓர் ஆணை போட்டது. சாதாரண மாலுமிக்கு இதுதான் பனியன். வெள்ளைக் கோடு 21, ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர். நடுவே நீலக் கோடு, ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர். அதிகாரிகளுக்குக் கிடையாது. 21 கோடும் நெப்போலியனின் 21 வெற்றிகள் என்று ஒரு கதை விடுவார்கள். நம்பாதீர்கள். சக்கரவர்த்தியின் வெற்றியைக் கொண்டுபோய்க் கடைநிலை மாலுமியின் பனியனிலா எழுதுவார்கள்? இடைக்கால ஐரோப்பாவில் கோடு போட்ட துணி என்றாலே விலைமாதர், கோமாளி, தூக்குப்போடுகிறவர் என ஒதுக்கப்பட்டவர்களின் அடையாளம்.

அப்புறம் எப்படி மேலே ஏறியது? பெரிய இடத்து உடம்பில் ஏறியது, அவ்வளவுதான். 1913-ல் தோவில் என்ற பணக்காரக் கடற்கரை ஊரில் கோக்கோ ஷனேல் கடை திறந்தார். மீனவர், மாலுமி உடைகளைப் பார்த்துச் சீமாட்டிகளுக்குத் தளர்வாகத் தைத்துக் கொடுத்தார். பின்னால் பிக்காஸோ போட்டார், பிரிஜித் பார்தோ போட்டார். பனியன், ஃபேஷன் ஆகிவிட்டது.

இங்கிலாந்துக் கதை இன்னும் வேடிக்கை. 1846-ல் விக்டோரியா ராணியின் நாலு வயசுப் பிள்ளைக்கு மாலுமி டிரஸ் போட்டு அழகு பார்த்தார்கள். ஓவியமும் வரைந்தாயிற்று. பணக்கார வீட்டுக் குழந்தைகளெல்லாம் அதையே போட்டன. ஆனால் பிரிட்டிஷ் கடற்படையின் நிஜ மாலுமிக்கு அதிகாரபூர்வச் சீருடை வந்தது 1857-ல்தான். வேலை செய்கிறவனுக்கு முன்னால் விளையாடுகிறவனுக்கு!

எழுபதுகளில் உங்கள் அப்பா தெருவைக் கூட்டிக்கொண்டு போன பெல்பாட்டம் இருக்கிறதே, அதுவும் மாலுமி கால்சட்டையின் வாரிசுதான்.

எனக்கு இந்த உடைகள் மேல் கோபமே இல்லை. வேலைக்காகத் தைத்தது. அநாவசியமாக ஒரு சுருக்கம், ஒரு குஞ்சலம் கிடையாது. அதனால்தான் பழசாகவே மாட்டேன் என்கிறது. கோபமெல்லாம் நம் மேல்தான்.

2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை வாசலிலேயே நிறுத்தியது. அதே ஆண்டு அதற்கென்று தனிச் சட்டம் போட வேண்டிவந்தது. அவரே பித்தளைப் பட்டன் வைத்த நேவி ப்ளூ பிளேசரில் போயிருந்தால்? கதவைத் திறந்து சலாம் போட்டிருப்பார்கள். அந்த பிளேசரின் பூர்வீகம் என்ன? கப்பல்காரர்கள் குளிருக்குப் போட்டுக்கொண்ட ரீஃபர் ஜாக்கெட். கடல் தாண்டி வந்த உழைப்பாளி உடை கௌரவம். நம்மூர் வேட்டி அகௌரவம். இது என்னங்க நியாயம்?

துணிக்கென்று தனியாகக் கௌரவம் கிடையாது. யார் போட்டார்கள் என்று பார்த்து நாம் ஒட்டுகிற விலைச்சீட்டு அது.

அந்தச் சட்டையைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் நாளைக்கு லிஃப்டில் கைலி கட்டிய ஒருத்தர் ஏறினால் மட்டும் முகத்தைச் சுளிக்காதீர்கள். நீங்கள் போட்டிருப்பதும் ஒரு கூலிக்காரரின் பனியன்தான்.