ஊசிக் கணக்கு தெரிந்த ஊருக்கு ஒரு விமான வேலை

திருப்பூரின் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் ஒரு நோட்டு இருக்கும். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து அந்த நோட்டில் ஒட்ட வேண்டும். தேதி, மெஷின் நம்பர், டெய்லர் பெயர் எழுதி, பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி கைக்கு வரும். ஒரு சின்ன முனை கிடைக்காவிட்டால் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ்கள் எல்லாம் தனியே எடுக்கப்பட்டு மெட்டல் டிடெக்டருக்குள் போய் வரும். எங்கோ ஒரு தேசத்தில், யாரோ ஒரு குழந்தையின் உள்சட்டையில் அந்த முனை இருந்துவிடக் கூடாது என்பதற்காக இத்தனை பாடு.

விமானங்களைப் பராமரிக்கும் ஹேங்கரிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அங்கே கருவிகள் மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே நிழல் வரைந்திருப்பார்கள். வேலை முடிந்து எல்லாம் பலகைக்குத் திரும்பிய பிறகு ஒரு நிழல் மட்டும் வெறுமையாகத் தெரிந்தால், அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை விமானம் வெளியே போகாது. இன்ஜினுக்குள்ளோ, இறக்கையின் கன்ட்ரோல் கம்பிகளுக்கு நடுவிலோ அது மாட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் இந்த வேலை பற்றிய பேச்சு திருப்பூர், பல்லடம், அவினாசிப் பக்கத்து வீடுகளிலும் எழுகிறது. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"ஏரோப்ளேன் ஓட்டற படிப்பா கண்ணு?"

"இல்லம்மா, ரிப்பேர் பண்ற படிப்பு."

"அதுக்கு எதுக்குடா இத்தனை லட்சம்? உங்கப்பாரும் மெக்கானிக்தான். எந்தக் காலேஜுக்குப் போனாரு?"

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷின்களைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகளும், நிட்டிங் மெஷின் ஃபிட்டர்களும் பெரும்பாலும் இன்னொரு மெக்கானிக்கின் பின்னால் நின்று தொழில் கற்றவர்கள். விமானத் தொழிலும் அப்படித்தான் பிறந்தது. ரைட் சகோதரர்களின் முதல் விமானத்துக்கு 1903-ல் இன்ஜின் செய்துகொடுத்த சார்லி டெய்லர் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர். லேத், டிரில்லிங் மெஷின் போன்ற சாதாரணக் கருவிகளை வைத்து ஆறே வாரத்தில் முடித்தார். அவர் பிறந்த மே 24-ஐத்தான் அமெரிக்காவில் விமானப் பராமரிப்புத் தொழிலாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. இன்று ஒரு பயணிகள் விமானத்தில் கை வைப்பதற்கும், கை வைத்த வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கும் சட்டம் இருக்கிறது. இந்தப் படிப்பைப் புரிந்துகொள்ள அந்தக் கையெழுத்தைப் புரிந்துகொண்டால் போதும்.

கையெழுத்து யாருடையது?

பராமரிப்பு முடிந்த விமானம் மறுபடி பறக்கலாம் என்று ஒருவர் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். அந்தச் சான்றில் கையெழுத்துப் போடும் அதிகாரம், மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. வழங்கும் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு மட்டும்தான். ஆங்கிலச் சுருக்கத்தில் இவரை ஏ.எம்.இ. என்பார்கள். அவரோடு சேர்ந்து பேனலைக் கழற்றி, டயர் மாற்றி, ஃபில்டர் பார்த்து, போல்ட் முறுக்கும் டெக்னீஷியன்கள் லைசென்ஸ் இல்லாமலும் வேலை செய்யலாம். ஆனால் பொறுப்பும் பெரிய சம்பளமும் கையெழுத்து இருக்கும் பக்கம்தான்.

பி.இ. ஏரோநாட்டிகல் முடித்தால் இந்தக் கையெழுத்து தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. வராது. அது விமானத்தை வடிவமைக்கும் கணக்குகளைச் சொல்லித்தரும் பட்டம். நல்ல படிப்புதான், ஆனால் வேறு பாதை. இரண்டையும் ஒன்றென்று நம்பி நான்கு வருடம் செலவழித்துவிட்டு, பிறகு லைசென்ஸ் தேர்வுக்கு முதலிலிருந்து ஆரம்பிப்பது வருத்தமான விஷயம்.

லைசென்ஸுக்கான பாதை இது. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். இன்ஜினீயரிங் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் வழி உண்டு. டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர். 147 விதிப்படி அனுமதி பெற்ற பயிற்சி நிறுவனத்தில் சேர வேண்டும். பெரிய விமானங்களின் உடற்பகுதி, இன்ஜின் சார்ந்த வேலைகளுக்கு பி-1.1 என்ற பிரிவு. மின்னணுக் கருவிகள், ரேடியோ, வழிகாட்டும் அமைப்புகளுக்கு பி-2. இரண்டுக்கும் பயிற்சி 2,400 மணி நேரம். வகுப்பறையும் பட்டறையும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடிவிடும். அதற்குமேல், பறந்துகொண்டிருக்கும் விமானங்களில் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும்.

இதற்கு நடுவே கணிதம், இயற்பியல், மின்சாரம், உலோகங்கள், விமானச் சட்டம் என்று மாட்யூல் மாட்யூலாகத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் தேர்ச்சி மதிப்பெண் 75 சதவிகிதம். 35 எடுத்தால் பாஸ் என்று பழகிய பிள்ளைகளுக்கு முதல் அடி இங்கேதான் விழும். லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஏ-320, போயிங் 737 என்று ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனிப் பயிற்சி முடித்தால்தான் அந்த வகையில் கையெழுத்துப் போட முடியும்.

ஆக, பதினேழு வயதில் சேரும் ஒரு பையன் தனியாகக் கையெழுத்துப் போடும்போது இருபத்துமூன்று, இருபத்துநான்கு ஆகியிருக்கும். கூடப் படித்தவன் அதற்குள் பனியன் கம்பெனியில் ஐந்தாறு தீபாவளி போனஸ் வாங்கியிருப்பான். வாராவாரம் சனிக்கிழமை சம்பளம் பார்க்கும் ஊரில் இந்தக் காத்திருப்பு சுலபமில்லை. சேர்வதற்கு முன்பே வீட்டில் இதை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. பாதியில் நிறுத்துகிற பிள்ளைகளில் பலருக்குப் படிப்பு கசப்பதில்லை. மூன்றாம் வருடம் வீட்டில் பணமும் பொறுமையும் தீர்ந்துபோகின்றன.

கைக்கணக்கை மறக்க வேண்டும்

ஊசி நோட்டுப் பழக்கம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பலம் என்றால், இன்னொரு ஊர்ப் பழக்கம் அவர்களுக்குத் தடை. துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தே "நூத்தி எண்பது ஜி.எஸ்.எம்." என்று சொல்லிவிடும் ஆட்கள் திருப்பூரில் உண்டு. எடை போட்டால் அநேகமாகச் சரியாகவே இருக்கும். அது ஒரு பெருமை. ஹேங்கரில் அந்தத் திறமைக்கு இடமே இல்லை.

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,300 அடி உயரத்தில் இருந்தபோது, கேப்டனின் முன்னால் இருந்த கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். கேபின் ஊழியர்கள் அவர் கால்களை இறுகப் பிடித்துக்கொள்ள, துணை விமானி அலாஸ்டர் ஆட்சிசன் விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட அத்தனை பேரும் உயிர் பிழைத்தது இன்றும் நம்பச் சிரமமான விஷயம்.

கண்ணாடி முந்தைய நாள் ராத்திரிதான் புதிதாக மாட்டப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் இருக்க வேண்டியதைவிடச் சுமார் 0.66 மில்லிமீட்டர் ஒல்லி. மீதி 6 போல்ட்டுகள் நீளம் குறைவு. மாட்டியவர் கத்துக்குட்டி இல்லை, அந்த ஷிஃப்டின் மேலாளரே. கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதேபோல இருப்பதைக் கண்ணாலேயே பார்த்து எடுத்திருந்தார். பட்டியலில் நம்பர் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

அதனால்தான் இந்தப் படிப்பில் மனிதத் தவறுகளுக்கென்றே ஒரு மாட்யூல் இருக்கிறது. களைப்பு, அவசரம், 'எனக்குத் தெரியாததா' என்ற மெத்தனம், ஷிஃப்ட் மாறும்போது சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை என்று பன்னிரண்டு காரணங்களை 1990-களில் கனடாவில் கார்டன் டுபான்ட் தொகுத்தார். உலகம் முழுக்கப் பயிற்சிக்கூடங்களின் சுவர்களில் அந்தப் பன்னிரண்டும் தொங்குகின்றன. ஷிப்மென்ட் தேதிக்கு முந்தைய ராத்திரி ஒரு பனியன் கம்பெனிக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அதில் பாதியைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிலீஷ் பயம்

தமிழ் மீடியம் பிள்ளைகள் தயங்குவது இங்கிலீஷுக்காக. தேர்வும் இங்கிலீஷில், கையேடுகளும் இங்கிலீஷில்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு ஆறுதல் உண்டு. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே எளிமையாக்கப்பட்ட ஒரு இங்கிலீஷ் இருக்கிறது. தாய்மொழி இங்கிலீஷ் இல்லாத மெக்கானிக்குகளும் தப்பில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்று 1980-களில் ஐரோப்பிய விமானத் துறை உருவாக்கியது. தொழில்நுட்பப் பெயர்களை விட்டுவிட்டால் அனுமதிக்கப்பட்ட பொதுச் சொற்கள் சுமார் 900-தான். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும். விதியைக் கடைப்பிடி என்று சொல்ல 'ஒபே' என்றுதான் எழுத வேண்டும். வாக்கியங்களும் குட்டி குட்டியாக இருக்கும். சேக்ஸ்பியர் படிக்கச் சிரமப்பட்ட பிள்ளை இதைப் படித்துவிடும்.

வேலை எங்கே என்ற கேள்விக்கு நேர்மையான பதில், திருப்பூரில் இல்லை என்பதுதான். ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத், திருவனந்தபுரம் என்று பெரிய பராமரிப்பு ஹேங்கர்கள் இருக்கும் ஊர்களுக்கும், விமான நிலையங்கள் இருக்கும் நகரங்களுக்கும் போக வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் நிச்சயம். பகலில் பறக்கும் விமானத்தை ராத்திரியில்தானே பார்க்க முடியும். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. பல்லடம் பக்கத்து வானத்தில் தேஜஸ் உறுமும் சத்தம் கேட்டு வளரும் பிள்ளைகள் உண்டு. ஆனால் விமானப்படைக்கு ஆள் எடுக்கும் முறை வேறு, அங்கே டி.ஜி.சி.ஏ. லைசென்ஸ் கணக்கு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களும் இண்டிகோ 500 விமானங்களும் ஆர்டர் செய்தன. அத்தனையையும் பராமரிக்க ஆட்கள் வேண்டும் என்பது உண்மை. அதே 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியதும், 2019-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றதும் உண்மை. கம்பெனி மூடலாம், லைசென்ஸ் ஆளோடு இருக்கும். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டபோது ஆர்டர் நின்று தவித்த ஊருக்கு, ஏற்ற இறக்கம் இல்லாத தொழில் எதுவும் இல்லை என்பது தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன்

இந்தப் படிப்பின் பெயரில் ஏமாற்றும் இடங்களும் இருக்கின்றன. 'ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ் டிப்ளமோ' என்று போர்டு மாட்டி, வாசலில் பழைய விமானம் ஒன்றை நிறுத்திவைத்து, சி.ஏ.ஆர். 147 அனுமதியே இல்லாமல் ஃபீஸ் வாங்குகிறார்கள். சான்றிதழ் வரும், லைசென்ஸ் தேர்வுப் பாதையில் அதற்கு மதிப்பு இருக்காது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை டி.ஜி.சி.ஏ. தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. எந்தப் பிரிவுக்கு அனுமதி, எந்தத் தேதிவரை என்று பார்க்க வேண்டும். பி-1.1 மட்டும் இருக்கும் இடத்தில் பி-2-வுக்குப் பணம் கட்டிவிடக் கூடாது. ஒரு காலத்தில் நல்ல பேர் எடுத்த நிறுவனமாக இருந்தாலும் இன்றைய தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

வங்கிக் கடனும் இதோடு சேர்ந்ததே. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், டி.ஜி.சி.ஏ. அனுமதி பெற்ற விமானத் துறைப் படிப்புகளுக்கு இடம் உண்டு. 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. அனுமதி இல்லாத இடத்துக்கு மேனேஜர் கையை விரித்தால், அவர் மேல் கோபப்படுவதை விட்டுவிட்டு அந்த இடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

நேரில் போகிறவர்கள் அட்மிஷன் ஆபீஸோடு திரும்பிவிட வேண்டாம். பட்டறைக்குள் கூட்டிப்போகச் சொல்லுங்கள். போல்ட் கழன்றுவிடாமல் இருக்க இழுத்துக் கட்டும் பூட்டுக்கம்பியை ஒரு மாணவர் கட்டுவதைப் பாருங்கள். போல்ட் தளர முயன்றால் கம்பி இன்னும் இறுக வேண்டும், அந்தத் திசையில்தான் முறுக்கியிருக்க வேண்டும். ஏன் அப்படி என்று அந்த மாணவரிடமே கேளுங்கள். பிறகு இரண்டாம் வருடத்துப் பிள்ளை யாரிடமாவது செய்முறைப் பதிவு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். என்ன வேலை, எந்தத் தேதி, யார் மேற்பார்வை என்று பக்கங்கள் நிறைந்திருக்கிறதா, இல்லை எல்லாம் ஒரே நாளில் ஒரே பேனாவில் எழுதியதா என்பது, ஊசி நோட்டு பார்த்த கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.