‘ஓரிரு இடங்களில்’ என்றால் என்ன?

“அடுத்த 24 மணி நேரத்தில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும்.” இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் நம் ஊரில் குறைவு. “எங்கேயாவது பெய்யாமலா போகும்? இதைச் சொல்ல ஒரு ஆபீஸ் வேறயா?” என்று டீக்கடையில் கேட்கிறார்கள். இந்த வழக்கில் நான் வானிலைக்காரர்கள் கட்சி.

‘ஓரிரு இடங்கள்’ என்பது நழுவல் பேச்சு அல்ல. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகும் என்பது அதன் பொருள். ‘ஒரு சில இடங்கள்’ என்றால் கால் பங்கிலிருந்து பாதி வரை. ‘பெரும்பாலான இடங்கள்’ என்றால் முக்கால் பங்குக்கு மேல். அரசாங்கக் குறிப்பாணையைப் போல ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு உண்டு.

தெருப் பெயரை ஏன் சொல்ல முடியாது? மேகம் உருவாகும் விதம் அப்படி. வெயிலில் சூடான ஈரக்காற்று மேலே எழும்புகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி குளிரும். ஓர் உயரத்தில் நீராவியைத் தாங்க முடியாமல், காற்றில் மிதக்கும் கடல் உப்பு, தூசு இவற்றின் மேல் சின்னஞ்சிறு நீர்த்துளிகளாகப் படிகிறது. அதுதான் மேகம். அப்படிப் பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் நல்ல ஒரு மழைத்துளி. நீராவி நீராகும்போது வெளிவரும் வெப்பம் காற்றை மேலும் மேலே தள்ளுவதால் மேகம் கோபுரமாக வளர்கிறது. ஆடி, ஆவணி மாலைகளில் கடற்காற்றும் மேற்குக் காற்றும் மோதும் இடத்தில் எழும் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான். ஆயுள் ஒரு மணி நேரம் போல. வில்லியனூரில் கொட்டும், முத்தியால்பேட்டையில் தூறல்கூட இருக்காது. பிறக்காத மேகத்துக்குக் காலையிலேயே விலாசம் கேட்டால் யார் தருவார்?

புயல் விஷயம் வேறு. அது பல நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. முன்கூட்டியே சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டது. கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் நின்றதால் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. முப்பதுக்கு நாற்பது அடி மனை ஒன்றின் மேல் மட்டும் ஏறக்குறைய 50,000 லிட்டர் தண்ணீர்! ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்க்காரர்களுக்கு மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் குறை வானிலை மையத்தின் மேல் அல்ல, அதற்கு அடுத்த மேசையின் மேல். வானத்திலிருந்து எவ்வளவு விழும் என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். விழுந்த தண்ணீர் எந்தத் தெருவில் நிற்கும் என்று யாரும் சொல்வதில்லை. மேகத்துக்குத்தான் விலாசம் கிடையாது, பள்ளத்துக்கு உண்டு. பள்ளம் நேற்றும் அங்கேதான் இருந்தது, நாளையும் அங்கேதான் இருக்கும். குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் எச்சரிக்கைக் கடிதத்தின் பயணம் எனக்குத் தெரியும். ‘தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று எழுதி நகல் போடுவோம். அடுத்த ஆபீசும் அதையே எழுதி நகல் போடும். கடைசி நகல் கோப்புக்குப் போகும். எந்த வீட்டுக்கும் போகாது.

மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. நம் ஊரில் சிவப்பு என்றால் பள்ளிக்கூட விடுமுறை. பிரான்சில் 1999 டிசம்பர் புயல்களில் பட்ட அடிக்குப் பிறகு, 2001-இல் ‘விஜிலான்ஸ்’ என்ற நான்கு வண்ண வரைபடம் வந்தது. நிறத்தோடு கூடவே, ஜனங்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்றும் அதில் போடுகிறார்கள். நமக்கு அதில் பாதி வந்திருக்கிறது. நிறம் வந்து சேர்ந்தது, யோசனை வீடு வரை வந்து சேரவில்லை.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். 10 செ.மீ. பெய்தால் எந்தத் தெருக்களில் முழங்கால் தண்ணீர், 20 செ.மீ. பெய்தால் எவை, யார் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று வார்டு வாரியாக ஒரு பட்டியல் போதும். ஃபெஞ்சல் பட்டவர்களைக் கேட்டால் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். அதை ரேஷன் கடையிலும் கோயில் வாசலிலும் ஒட்டலாம். ஐப்பசி பிறப்பதற்குள் ஒட்டினால் நல்லது. கார்த்திகையில் ஒட்டினால் பசை காயாது.