கார் சாவியில் ஒரு காவல்காரன்! கழற்றி எறியலாமா?

கார் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு "சிப்" ஒளிந்திருக்கிறது. பார்த்தால் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அதற்கு பாட்டரி கிடையாது!

சாவியைப் போட்டுத் திருகியதும், பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்து மின்காந்த அலை கிளம்புகிறது. அந்த அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு, தன் ரகசிய எண்ணைச் சொல்கிறது. எண் சரியானால் எஞ்சின் ஓடும். தவறானால் ஓடாது. பல்லுக்குப் பல் சரியாக வெட்டிய கள்ளச் சாவி கதவைத் திறக்கும், காரைக் கிளப்பாது! இதற்கு "இம்மொபிலைசர்" என்று பெயர்.

வம்பு எங்கே?

இந்தக் காவல்காரன் சில வேளை சொந்தக்காரரையே தடுத்துவிடுகிறான். உடனே, "இந்தச் சனியனை எடுத்துவிடு" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுகிறார்கள் சிலர். இது திருடனை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே விற்ற கியா, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை. 2021, 2022-ம் ஆண்டுகளில் சிறுவர்கள்கூட அவற்றை ஓட்டிக்கொண்டு போனார்கள். பூட்டைப் பெயர்த்தார்கள்; யு.எஸ்.பி. கம்பியின் முனையைச் செருகித் திருகினார்கள். அவ்வளவுதான்! பக்கத்து நாடான கனடாவிலோ, புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம் என்று 2007-லேயே சட்டம் வந்துவிட்டது.

கார் கிளம்பாவிட்டால்?

டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு விடாமல் மினுக்கினால், சாவியைச் சந்தேகியுங்கள். அதே வளையத்தில் வேறு வண்டியின் சிப் சாவி தொங்குகிறதா? பிரித்துவிட்டுத் திருகுங்கள். பிறகு, இரண்டாவது சாவியைப் போடுங்கள். கார் கிளம்பினால் பழுது முதல் சாவியில்தான். எஞ்சினைப் பிரிக்கவேண்டிய அவசியமே இல்லை! இரண்டிலும் கிளம்பாவிட்டால், கார் பாட்டரியையும் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொத்தானை அழுத்திக் கிளப்பும் காரா? அந்தச் சாவிக்கு பாட்டரி உண்டு. அது தீர்ந்துபோனாலும் பயமில்லை. பல கார்களில் சாவியைப் பொத்தானோடு ஒட்டிவைத்து அழுத்தினால் கிளம்பிவிடும். எங்கே வைப்பது என்பது காரோடு தந்த புத்தகத்தில் இருக்கிறது.

இரண்டாவது சாவியை வீட்டு பீரோவில் வையுங்கள். அதைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள்! இரண்டும் தொலைந்தால், சில கார்களில் சாவியோடு கம்ப்யூட்டரையும் மாற்ற நேரிடும்.