வேனுக்குள்ள ஏ.சி.யும் டிரைவர் பேட்டாவும்

மக்களே, இதுல கொஞ்சம் கணக்கு இருக்கு, பயந்து ஓடிடாதீங்க. கணக்கு முடிஞ்சதும் கொஞ்சம் சண்டையும் இருக்கு :-)

எங்க சித்தப்பா பையன் டூரிஸ்ட் வேன் ஓட்டறான். மே மாசம் ராமேஸ்வரம், திருச்செந்தூர்னு சவாரி போனா வந்தவங்க எல்லாம் லாட்ஜுக்குப் போயிடுவாங்க, இவன் பார்க்கிங்ல வண்டிக்குள்ளயே சீட்டைச் சாய்ச்சுப் படுத்துக்குவான். "அண்ணே, சக்கரம் வெச்ச சின்ன ஏ.சி. விக்கறாங்களே, அதை வாங்கி இன்வெர்ட்டர்ல மாட்டினா ராத்திரி பூரா ஓடுமா?"ன்னு கேட்டான். நான் ஈ.ஈ.ஈ. படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டறவன். படிச்ச படிப்புக்கு ஒரு கேள்வி வந்ததே இதுதான் முதல் தடவை, விடுவேனா?

ஓடும். எவ்வளவு நேரம்ங்கறதுதான் பிரச்சனை. ஒரு டன் போர்ட்டபிள் ஏ.சி. சுமார் 1100 வாட் இழுக்கும். கம்ப்ரஸர் நடுநடுவுல நிக்கும்னு தாராளமா கழிச்சாலும் 8 மணி நேரத்துக்கு 5 யூனிட் வேணும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடற 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரில இருக்கறது 1.8 யூனிட். அதுல பாதிக்கு மேல உறிஞ்சினா பேட்டரி சீக்கிரம் மண்டையைப் போட்டுடும். ஆக, ஆறு பேட்டரி. ஒவ்வொண்ணும் 50 கிலோவுக்கு மேல. அஞ்சு பயணிகளை இறக்கி விட்டுட்டு அந்த இடத்துல பேட்டரியை உட்கார வைக்கணும். லித்தியம் பேட்டரின்னா எடை பிரச்சனை தீரும், ஆனா அது லட்ச ரூபாய் சமாச்சாரம். சார்ஜ் ஏத்தறது? வண்டி ஆல்டர்னேட்டர்ல உபரியா 40 ஆம்பியர் கிடைச்சா சுமார் 500 வாட். ஒரு ராத்திரி தூக்கத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல வண்டி ஓட்டணும்!

இன்னொரு கூத்து. ஒத்தைக் குழாய் போர்ட்டபிள் ஏ.சி. உள்ள இருக்கற காத்தைத்தான் சூடாக்கி வெளிய தள்ளும். அந்த இடத்தை நிரப்ப சந்து பொந்து வழியா வெளிச் சூடு உள்ள வரும். காசு குடுத்து வெக்கையை உள்ள இழுக்கற கதை.

"இன்ஜினை ஓட விட்டுட்டே தூங்கிட்டா?"ன்னான். டீசல் கணக்கு கிடக்கட்டும், உயிர்க் கணக்கு இருக்கு. 2024 டிசம்பர்ல கேரளாவில வடகரையில ரோட்டோரம் நின்ன கேரவனுக்குள்ள ரெண்டு பேர் செத்துக் கிடந்தாங்க. அந்த வண்டியில வேலை பார்த்தவங்க. ஏ.சி.க்காக ஓட விட்ட ஜெனரேட்டரோட புகை உள்ள வந்திருக்குன்னு சோதனையில தெரிஞ்சது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். தூங்கறவன் முழிக்கவே மாட்டான். நிக்கற வண்டில இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓட விட்டுட்டு தூங்காதேன்னு கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

இப்ப சண்டைக்கு வர்றேன். லாரி கேபின்ல ஏ.சி. கட்டாயம்னு 2023 டிசம்பர்ல அறிவிச்சாங்க, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகற வண்டிகளுக்கு. நல்ல விஷயம்தான். ஆனா அது 3.5 டன்னுக்கு மேல உள்ள சரக்கு வண்டிக்கு. டூரிஸ்ட் வேனுக்கு அது கிடையாது. அதுவுமில்லாம, அந்த ஏ.சி. வண்டி ஓடறப்பதான் சுகம். நின்னா அதுவும் நின்னுடும். ஓட்டறவனுக்கு வேர்க்கக் கூடாதுன்னு யோசிச்ச நாம, தூங்கறவனைப் பத்தி யோசிக்கல.

வேன் பேசும்போது கிலோமீட்டர் ரேட், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் பேரம் பேசறோம். டிரைவர் எங்க படுப்பார்னு யாராவது கேக்கறோமா? 12 பேர் போற வண்டி. டார்மிட்டரில ஒரு படுக்கைக்கு 400 ரூபாய்னு வெச்சாலும் தலைக்கு 33 ரூபாய், ரெண்டு டீ காசு. மறுநாள் விடிகாலைல நம்ம குடும்பத்தையே உட்கார வெச்சுட்டு இருநூறு கிலோமீட்டர் ஓட்டப் போறது அந்தத் தூங்காத கண்ணுதான் சாமிகளா!

"வண்டில சாமான் இருக்கே, யார் பார்ப்பா?"ன்னு ஒரு கேள்வி வரும். சாமானை ரூமுக்கு எடுத்துட்டுப் போங்களேன். திருவிழா நேரத்துல படுக்கையே கிடைக்காதுங்கறது நியாயம். அதுக்குத்தான் அவன் வண்டில ரெண்டு 12 வோல்ட் ஃபேன், ஜன்னலுக்குக் கொசுவலை, தனியா ஒரு சின்ன பேட்டரி போடச் சொல்லியிருக்கேன். ஸ்டார்ட்டிங் பேட்டரியைத் தொடாம. ஒரு ஃபேன் 20 வாட், ராத்திரி முழுக்க ரெண்டும் ஓடினா மூணுல ஒரு பங்கு யூனிட். ஏ.சி. மாதிரி ஜில்லுனு இருக்காது, உயிர் பத்திரம்.

இப்ப அவன் கொட்டேஷன்ல "டிரைவர் தங்குமிடம் தனி"ன்னு ஒரு வரி சேர்த்திருக்கான். முதல் பார்ட்டி, "அதென்ன புதுசா?"ன்னு கேட்டுட்டு வேற வண்டி பார்த்துட்டாங்க. வரியை எடுக்காதேடான்னு சொல்லி வெச்சிருக்கேன்.