கல் எடுத்த ஊரில் ஒரு காலைநடை

மாணவர் பன்னிருவருடன் காங்கேசன்துறையில் ஒரு காலைப்பொழுது நடந்து திரிந்தோம். வழிகாட்டியவர் சீமெந்து ஆலையில் முன்னாளிற் பணிபுரிந்த முதியவர் ஒருவர். நூலிலே பத்துப் பக்கம் படிப்பதினும் இத்தகையோருடன் இரண்டு மைல் நடப்பது நன்று என்பது எமது பழைய கட்சி.

நடை புகையிரத நிலையத்திலே தொடங்கிற்று. ஆங்கிலேயர் 1902இல் இங்கிருந்து சாவகச்சேரிவரை தண்டவாளமிட்டனர். 1905இல் அது கொழும்புப் பாதையுடன் இணைந்தது. 1990இல் போரினால் நின்ற வண்டி 2015இலேதான் மீண்டும் இந்நிலையத்தை அடைந்தது. 1893இல் எழுந்த வெளிச்சவீட்டைத் தொலைவில் நின்றே கண்டு திரும்பினோம்.

துறையும் தண்டவாளமும் அந்நியர் காலத்திலேயே அமைந்துவிட்டன. காலடியிற் சுண்ணக்கல்லோ என்றும் இருந்தது. ஆதலின், சுதந்திரம் பெற்ற பின் 1950இல் அரசாங்கத்தின் சீமெந்து ஆலை இங்கே இயங்கத் தொடங்கியமை வியப்பன்று. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. கல்லை வெடிவைத்துப் பெயர்த்து, களிமண்ணுடன் அரைத்துக் கலந்து, சூளையிற் சுட்டுக் கட்டியாக்கி, சிறிது ஜிப்சம் சேர்த்து மீண்டும் அரைத்தாற் சீமெந்து. இதனைப் பெரியவர் கையசைவினாலேயே விளக்கினார். எம் போன்ற ஆசிரியர் பொறாமைப்படத்தக்க விளக்கம்!

1990இல் ஊரவர் இடம்பெயர, ஆலையும் ஓய்ந்தது. கற்குழிகள் எஞ்சின. வேலிக்கு வெளியே நின்று, அவற்றுள் ஒன்றில் தேங்கிய நீரைப் பார்த்தோம்.

"ஐயா, இது மழைத்தண்ணியோ?" என்றாள் ஒரு மாணவி.

"மழைத்தண்ணியும்தான், பிள்ளை, நிலத்துத் தண்ணியும்தான். தண்ணி நிக்கிற தாங்கியைத்தான் நாங்கள் வெட்டி வித்தனாங்கள்."

ஆறில்லாத நாடு நம்முடையது. பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கனத்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நம் கிணறுகள் இறைப்பது அதனையே. கீரிமலைக் கேணிக்கு ஊறிவருவதும் இக்கல்லினூடே வரும் நீர்தான். கரையோரத்தில் ஆழ அகழ்ந்தால், நன்னீர் ஒதுங்க உவர்நீர் ஏறும்.

ஆலையை மீளத் தொடங்கும் பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. திரும்பும் வழியில் இதுவே வாதமாயிற்று. "வேலைக்கு எங்கே போவது?" என்றான் ஒருவன். "கிணறு உவர்த்தால் எங்கே போவது?" என்றாள் முன்சொன்ன மாணவி. தொழில் வேண்டும், கல் வேறிடத்திலிருந்து வரட்டும், இக்குழி இன்னும் ஓரடி ஆழமாதல் தகாது என்பதே எமது கருத்து. பெரியவர் எக்கட்சியும் பேசவில்லை. அவர் பிள்ளைகள் படித்தது அவ்வாலைச் சம்பளத்தில்.

பிரியும்போது அம்மாணவியிடம் மட்டும் கேட்டார்: "உங்கட வீட்டுக் கிணறு நல்ல தண்ணியோ, பிள்ளை?"